சொந்த நாட்டில் குத்தகைக்காரர்

அம்பத்தூர்க்காரர்களே, நம் சீமையை ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். பதற வேண்டாம், உங்கள் பட்டா பீரோவில் பத்திரமாகத்தான் இருக்கும். சங்கதி நடந்தது 1763இல். கொடுத்தவர் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா. வாங்கியவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனியார். போரில் உதவியதற்கு நன்றியாம்! நன்றிக்கடனாகப் போனது செங்கல்பட்டு ஜாகீர், அதாவது ஏரியும் வயலும் குடியும் சேர்ந்த முழுச் சீமை. குடிகளை யாரும் கேட்கவில்லை.

அடுத்த காட்சி இன்னும் ரசமானது. கொடுத்த சீமையை நவாபே கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்தார். 1780 வரை அந்தக் கூத்து நடந்தது.

பட்டத்துக்கு மட்டும் பஞ்சமில்லை. 1765இல் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் ஃபர்மான் வந்தது: இனி இவர் ஐதராபாத் நிஜாமுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அந்தப் பேரரசர் அப்போது எங்கே இருந்தார்? டில்லியில் இல்லை. அலகாபாத்தில், கம்பெனி தருவதாக ஒப்புக்கொண்ட வருடத்துக்கு 26 லட்ச ரூபாயை நம்பி உட்கார்ந்திருந்தார். ஒரு பொம்மை இன்னொரு பொம்மைக்குச் சுதந்திரம் வழங்கியது. கைதட்டியவன் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

ஆற்காட்டு நவாப் ஆற்காட்டைவிட்டு வந்து சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக்கொண்டார், கம்பெனியின் ஜார்ஜ் கோட்டைப் பீரங்கிகளுக்குக் கூப்பிடு தூரத்தில். கோட்டைச் சேவகர்கள் பகலில் கம்பெனிக்குக் கணக்கு எழுதினார்கள், மற்ற நேரத்தில் நவாபுக்கு வட்டிக்கு விட்டார்கள். வட்டி 36 சதவீதம் வரை ஏறியது. பால் பென்ஃபீல்டு என்ற ஊழியர், இரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் கடனாகக் கொடுத்திருப்பதாகக் கூசாமல் சொன்னார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தாராக்கும்! ஈடு என்ன தெரியுமா? விளைச்சல். களத்துமேட்டுக்கு நெல் வருமுன்னே அது கடன்காரனுக்கு எழுதப்பட்டிருக்கும். 1785இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தக் கடன்களை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். கடன்காரர்களின் ஆட்கள் அதே அவையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் கமிஷன் வைத்துப் பத்திரங்களைச் சலித்துப் பார்த்ததில் பத்தில் ஒரு பங்குகூட உண்மையாகத் தேறவில்லை.

நவாப் முட்டாள், ஆடம்பரப் பேர்வழி என்று எழுதிவிட்டுப் போவது சரித்திரக்காரர்களுக்கு வசதி. எனக்கு அவர்மேல் இரக்கமில்லை. ஆனால் அவருடைய முத்திரை இல்லாமல் இந்தக் கொள்ளைக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. அதற்காகத்தான் அவருக்குச் சோறு போட்டார்கள். சந்தேகமிருந்தால் 1801ஐப் பாருங்கள். அடுத்த நவாப் உம்தத்துல் உமரா இறந்ததும் அவர் மகன் அலி உசேனிடம், நாட்டைக் கம்பெனிக்கு ஒப்படைக்கும் காகிதத்தை நீட்டினார்கள். பையன் கையெழுத்துப் போட மறுத்தான். உடனே உறவுக்காரர் அசீமுத் தௌலாவைத் தேடிப் பிடித்தார்கள். அவர் போட்டார், நவாப் ஆனார். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, நாடு கம்பெனிக்கு. 1855இல் கடைசி நவாப் பிள்ளையில்லாமல் இறந்தபோது கையெழுத்தின் தேவையும் தீர்ந்திருந்தது. பட்டத்தை ரத்து செய்து சேப்பாக்கம் மாளிகையை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இப்போது குடியரசு. அம்பத்தூர் நகராட்சியை 2011இல் சென்னை மாநகராட்சி விழுங்கியது. நாம் ஏழாவது மண்டலம் ஆனோம். மேயருக்கு அங்கி, செங்கோல், தங்கச் சங்கிலி எல்லாம் உண்டு. நிர்வாக அதிகாரம் ஆணையரிடம்; அவரை அனுப்புவது கோட்டை, அதே பழைய ஜார்ஜ் கோட்டை. 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி, ஒப்புக்குக்கூடக் கவுன்சிலர் கிடையாது. நம் மண்டலத்துக் கொரட்டூர் ஏரியில் கலக்கும் கழிவுநீரை நிறுத்தச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை நடந்தார்கள். சொத்துவரி ரசீது மட்டும் அந்த ஐந்து வருடத்திலும் தவறாமல் கிழிக்கப்பட்டது.