ஆயுட்கால எண்ணெய்ப் பிரிவுக்குக் கினிகத்தேனையிலிருந்து ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்:
பிரிவுத் தலைவர் அவர்கள்,
ஆயுட்கால எண்ணெய்ப் பிரிவு,
சொகுசுக் கார்க் கம்பெனிகளின் தலைமையகம்,
ஐரோப்பா.

மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மணி,

அவிசாவளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் ஏ7 வீதியில், கினிகத்தேனைக் கணவாய்ப் பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களுக்கு வரும் தபாலில் முக்கால்வாசி புகாராகத்தான் இருக்கும். இது நன்றிக் கடிதம். ஆகவே குப்பைக் கூடையில் போடாமல் கொஞ்சம் வாசியுங்கள்.

கியர் பெட்டிக்குள் கம்பெனியில் ஊற்றும் எண்ணெய் காரின் ஆயுள் முழுக்கப் போதும், இடையில் மாற்றவே தேவையில்லை என்று 1990களில் ஒரு முடிவு எடுத்தீர்கள் அல்லவா? அந்தத் தாளில் கையெழுத்து வைத்த பெரியவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். என் கடையின் புதுக் கூரைத் தகரம் அவர் போட்ட பிச்சை. எதிரே கராஜ் வைத்திருக்கும் பாஸ் அவருடைய படம் கிடைத்தால் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டத் தயாராக இருக்கிறார்.

உங்கள் சோதனை ஓட்டப் பாதைகளில் எங்கள் ஊர் இருந்திருக்காது. அதனால் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அவிசாவளை வரைக்கும் வீதி கிட்டத்தட்டக் கடல் மட்டம். பிறகு களனி கங்கையின் ஓரமாகவே கித்துல்கல வரை சும்மா வந்துவிடலாம். (1957இல் வெளியான ‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்காக அங்கேதான் பாலத்தை வெடிவைத்து ரயிலைக் கவிழ்த்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அவ்வளவு ஆரவாரத்தோடு புகை விட்டு நின்ற வெளிநாட்டு யந்திரம் என்றால் உங்கள் கார்தான்.) கித்துல்கலையைத் தாண்டினால் ஏற்றம் பிடிக்கும். முன்னால் ஒரு லொறி, அதற்கு முன்னால் ஒரு பஸ், அதற்கும் முன்னால் இன்னொரு லொறி. முந்த இடமில்லை. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு ஐயாயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். அதில் ஒரு பங்கு எங்களுக்கும் உண்டு. இப்படியே ஏறி ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா எல்லாம் கடந்து நுவரெலியா போய்ச் சேரும்போது உயரம் 1,868 மீற்றர்.

இந்த வீதியில் ஓட்டோ கியர்க் கார் ஊரும்போது உள்ளே நடப்பதைப் பாஸ்தான் எனக்குச் சொல்லித் தந்தார். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே இரண்டு விசிறிகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஒன்று சுற்றி எண்ணெயைத் தள்ள, அந்தத் தள்ளலில் மற்றது சுற்றும். சமதரையில் ஓடும்போது இரண்டையும் ஒரு பூட்டு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், பிரச்சினை இல்லை. லொறிக்குப் பின்னால் நடைவேகத்தில் ஏறும்போது பூட்டு விழாது. ஒரு விசிறி வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற, நடுவில் அகப்பட்ட எண்ணெய்க்குச் சூடு ஏறிக்கொண்டே போகும். சூடேறிய எண்ணெய் கறுக்கும். கறுத்த எண்ணெயில் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் இன்னும் சூடு. இந்தச் சுற்று எங்கே போய் முடியும் என்று கேட்டால், என் கடை வாசலில்.

ஆயுள் என்று நீங்கள் எழுதியது யாருடைய ஆயுள் என்பதில் எனக்குப் பல நாளாக ஒரு ஐயம். உங்களில் பலருக்குக் கியர் பெட்டி செய்து கொடுப்பது ஜெர்மனியில் ஃபிரெடரிக்ஸ்ஹாஃபன் நகரத்து இசட்.எஃப். கம்பெனி. அவர்கள் 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், இல்லாவிட்டால் எட்டு வருடத்தில், எண்ணெயை மாற்றச் சொல்கிறார்கள். பெட்டியைச் செய்தவர் மாற்று என்கிறார், வாங்கிப் பூட்டியவர் வேண்டாம் என்கிறார். பூட்டியவர் பேச்சைத்தான் வாடிக்கையாளர் நம்பினார். செலவில்லாத ஆலோசனையை யார் வேண்டாம் என்பார்கள்? பாஸ் ஒரு நாள் பல்லைக் குத்திக்கொண்டே விளக்கம் சொன்னார்: “அண்ணே, அவங்க சொன்ன ஆயுள் வாரண்டியோட ஆயுள்.” நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான் நன்றி உள்ளவன்.

எங்கள் பக்கத்தில் கால அளவுகள் வேறு மாதிரி என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தோட்டத்து லயங்களை, காட்டை வெட்ட வந்த கூலி ஆட்கள் கொஞ்சக் காலம் தங்கிப் போக என்று கட்டினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. நூறு வருடம் தாண்டியும் அதே காம்பராவில் ஆட்கள் இருக்கிறார்கள், கூரையில் கல் வைத்து. தற்காலிகம் என்று வெள்ளைக்காரன் கட்டியது இன்னும் நிற்கிறது. ஆயுட்காலம் என்று நீங்கள் ஊற்றியது பத்து வருடம் தாங்கவில்லை. உங்கள் பிரிவும் தோட்டக் கம்பெனிகளும் ஒருமுறை உட்கார்ந்து பேசி, பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் இரண்டு பக்கமும் பொய் இல்லாமல் போகும்.

கைநூல்களையும் பாஸ் காட்டினார். பல கம்பெனிகளின் புத்தகத்தில் கடைசிப் பக்கங்களில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், ‘கடினப் பாவனை’ என்று ஒரு பகுதி வருகிறது. மலைப்பாதை, வெப்பம், அடிக்கடி நின்று நின்று ஓடுதல் இருந்தால் சொன்ன கணக்கெல்லாம் பொருந்தாதாம். அப்படியானால் நுவரெலியா மாவட்டம் மொத்தமும் அந்த எறும்பு எழுத்துக்குள்தான் குடியிருக்கிறது.

இனி உங்கள் கைவண்ணத்தில் எனக்கு மிகவும் பிடித்ததைச் சொல்கிறேன்: ஒயில் பார்க்கும் கம்பி. பழைய கார்களில் கியர் ஒயிலுக்கும் ஒரு கம்பி இருக்கும். இழுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தால் அளவும் தெரியும், நிறமும் தெரியும். 1996 வாக்கில் மேர்சிடிஸ் பென்ஸ் ஒரு புது ஐந்து கியர்ப் பெட்டி கொண்டுவந்தது. கம்பி விடும் குழாய் இருக்கிறது, கம்பி இல்லை. குழாயின் வாயில் ஒரு மூடி, கராஜ்காரர்கள் மட்டும் திறக்கலாம் என்ற அறிவிப்போடு. வேறு சில கம்பெனிகள் அந்தக் குழாயையும் எடுத்துவிட்டன. அவற்றில் அளவு பார்க்க, காரை மட்டமாகத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஏறத்தாழ 40 பாகை சூட்டுக்கு வரும் நேரத்தில் பக்கத்து ஆணியைக் கழற்றி, வழிகிறதா என்று பார்க்க வேண்டும். பாஸின் கராஜில் தூக்கி இல்லை, குழி இருக்கிறது. மழை நாளில் அதில் தண்ணீர் நிற்கும். அவர் என்ன செய்வார் தெரியுமா? ஆணியைத் தளர்த்தி, ஒரு சொட்டைப் பழைய வீரகேசரித் தாளில் வாங்குவார். நல்ல எண்ணெய் என்றால் செம்மஞ்சளாக அகலமாய்ப் பரவும். கெட்டது என்றால் நடுவில் மை கொட்டிய மாதிரிக் கறுப்புப் புள்ளி அப்படியே நிற்கும், ஓரத்தில் மட்டும் மங்கல் வளையம். பிறகு மோந்து பார்ப்பார். முகம் சுளித்தால் நான் அடுப்பில் கேத்தலை வைத்துவிடுவேன். ஆட்கள் இன்னும் இரண்டு மணித்தியாலம் இங்கேதான்.

அந்தப் பழைய கம்பிக் கார்களால் எனக்குப் பத்து சதப் பிரயோசனம் இல்லை. 1976இலிருந்து பத்து வருடத்துக்குள் டபிள்யூ 123 என்று சுமார் 27 இலட்சம் பென்ஸ் கார்கள் செய்தார்கள். அதில் ஒன்றிரண்டு இன்றைக்கும் இந்த வழியால் ஏறுகின்றன, ஆடி அசைந்து, யாரையும் பார்க்காமல். மொரிஸ் மைனர் இன்னும் மோசம். பிரித்தானியாவில் பாத் நகரத்து மொரிஸ் மைனர் நிலையத்துக்கு இலங்கையிலேயே உதிரிப்பாகம் செய்து அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது. அப்படிப்பட்ட வண்டி எப்படி என் கடையில் நிற்கும்? நின்றாலும் சாரதியே இறங்கி, பொனட்டைத் திறந்து, எதையோ முறுக்கிவிட்டுப் போய்விடுவார். பிளேன்டீகூடக் குடிப்பதில்லை.

உங்கள் கார்களின் பயணம் எனக்குத் தெரியும். முதலில் கொழும்பில் ஒரு டைரக்டர் வைத்திருப்பார். வாரண்டி முடிந்ததும் ஒரு டொக்டர். அவரிடமிருந்து ஒரு மரக்கறி மொத்த வியாபாரி. கடைசியில் கலியாண ஹயருக்கு வரும். அந்த நிலையில்தான் எனக்கு அறிமுகமாகும்.

போன தை மாதம் ஒரு முகூர்த்த நாளில் அப்படி ஒன்று வந்தது. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், எல்லோருக்கும் பங்குள்ள பெருமையை ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது. வெள்ளை நிறம், பொனட்டில் ரோசாப்பூ வளையம், பின்னால் பட்டுச்சேலையில் மணப்பெண், பக்கத்தில் தோழி, முன்னால் மாமா. ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோவிலில் பத்தரைக்குத் தாலி. வளைவில் எஞ்சின் சத்தம் மட்டும் கூடிக்கூடி வந்தது, கார் கூடவில்லை. கடைக்கு நேரே வந்ததும் மூச்சு விட்டு நின்றது. கருகிய வாடை, சாம்பிராணியையும் மிஞ்சியது. மாமா இறங்கி மணிக்கூட்டைப் பார்த்தார். சாரதி அவசரமாக விளக்கம் சொன்னார்: “சேர், இது ஜெர்மன் டெக்னோலொஜி. ஆறவிட்டா சரியாகும்.” மாமா கேட்டார்: “தம்பி, நேரம் ஆறுமா?” அடுத்த நிமிடம் ரோசாப்பூ வளையம் ஒரு த்ரீவீலரின் முன்கண்ணாடியில் ஏறியது. மணப்பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அழவில்லை, சிரித்தார். அந்தச் சிரிப்பை வீடியோக்காரப் பையன் எடுத்தானா தெரியாது.

அரை மணித்தியாலம் கழித்து சாரதி கார்ச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆனது. ஆனால் இரண்டாம் கியரைத் தவிர வேறெதற்கும் போகாது. பெட்டிக்கு ஆபத்து என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் இப்படி ஒரே கியரில் பூட்டிவிடுமாம், மெதுவாக ஓட்டிக் கராஜுக்குப் போவதற்கு. பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்த ரோட்டுக்கு இதுதான் சரியான கியர். இவ்வளவு காசு வாங்கினவங்க முதல்லயே இப்படிச் செஞ்சு அனுப்பியிருக்கலாம்.” கார் அதே கியரில் ஊர்ந்து ஹட்டன் போய்ச் சேர்ந்தது என்று பின்னர் கேள்விப்பட்டேன். பந்தியில் பாயாசம் முடிந்திருந்ததாம்.

குளிர்காலச் சுவிட்சையும் விட்டுவிடக் கூடாது. சில கார்களில் கியர்க் கம்புக்குப் பக்கத்தில் டபிள்யூ, எஸ் என்று ஒரு பொத்தான். டபிள்யூ என்றால் பனிக்காலம், கார் இரண்டாம் கியரில் கிளம்பும். எங்களுக்குப் பனிக்காலம் கிடையாது. தென்மேற்கு மழை, வடகிழக்கு மழை, நடுவில் இரண்டு இடைமழை. எந்த மழைக்கு எந்தப் பக்கம் தட்டுவது என்று சாரதிகள் என்னிடம் கேட்கிறார்கள். ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் கடைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இவ்வளவு பழைய கார்களை ஏன் இன்னும் ஓட்டுகிறீர்கள், புதிது வாங்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். 2020 மார்ச்சில் எங்கள் நாட்டில் டொலர் தட்டுப்பாட்டுக்காக வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். அதற்கும் மேலே வரி. அந்த ஐந்து வருடத்தில் உங்கள் கணக்குப்படி ஆயுள் முடிந்த காரெல்லாம் விலை ஏறி, முதலாளிகளுக்குச் சீதனம் மாதிரி ஆகிவிட்டது. 2022 மட்டும்தான் எனக்குக் கெட்ட காலம். எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். அட்டை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீட்டர் பெற்றோல்தான். அதை வைத்துக்கொண்டு யார் மலையேறுவார்கள்? கியர் பெட்டிகள் பிழைத்தன, நான் படுத்தேன். 2025இல் ஜனாதிபதி செயலகம் சொகுசு வாகனங்களை ஏலம் விட்ட செய்தி வந்ததும் நம்பிக்கையோடு இன்னும் இரண்டு வாங்கு வாங்கிப் போட்டேன். ஏலத்தில் எடுத்தவர்கள் என்றைக்காவது ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போகாமலா இருப்பார்கள்?

எங்கள் சாரதிகளிலும் பிழை உண்டு, அதை மறைக்கமாட்டேன். இறக்கத்தில் கியரைக் குறைத்து வைக்கச் சொன்னால் கேட்பதில்லை. ‘டி’யில் போட்டுவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டே கித்துல்கல வரை இறங்குவார்கள். வட்டுகள் சிவந்து நாறும். அந்த வியாபாரம் எனக்குக் கிடைப்பதில்லை, கீழே இருப்பவர்களுக்குப் போகிறது. அவர்கள் தனியாக எழுதுவார்கள்.

கடைசியாக ஒரு கவலை. கொள்கையை மாற்றப் போகிறீர்கள், சில கம்பெனிகள் இப்போது எண்ணெய் மாற்றும் காலத்தைப் புத்தகத்திலேயே அச்சிடத் தொடங்கிவிட்டன என்று பாஸ் சொல்கிறார். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மகள் உயர்தரம் எழுதி முடிக்கட்டும்.

நேரில் பார்க்க விரும்பினால் உங்கள் பிரிவிலிருந்து யாராவது வரலாம். தேத்தண்ணி இலவசம். ரயிலில் வந்து வட்டவளையில் இறங்கி பஸ் எடுங்கள். உங்கள் காரில் வருவதாக இருந்தால் முதலிலேயே தந்தி அடியுங்கள், அறை ஒன்று ஒழுங்கு செய்து வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கம்பெனியின் சம்பளமில்லாத முகவர்,
வளைவுத் தேத்தண்ணிக் கடை,
கினிகத்தேனை.

பி.கு.: அந்தக் குழாய்க்கு ஏற்ற ஒயில் கம்பி ஒன்றை இலவசமாக அனுப்ப முடியுமா என்று பாஸ் இந்தக் கடிதத்தில் சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன். அனுப்பிவிடாதீர்கள்.