ஒஸ்டினுக்கு நேரம் சரியில்லை

கேள்வி: அப்பா விட்டுப்போன 1960 ஒஸ்டின் கேம்பிரிட்ஜில் ஸ்மித்ஸ் மணிக்கூடு நின்று வருஷக்கணக்கு. உள்ளே குவாட்ஸ் மெஷின் போடலாம் என்கிறார் பாஸ். போடலாமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: தாராளமாக. பழைய மெஷினுக்குள் இருப்பது ஒரு சுருள், ஒரு பெலன்ஸ் வீல், நூல் பருமனில் ஒரு கொன்டாக்ட். வீல் ஆடும்போதெல்லாம் கொன்டாக்ட் பட்டுப் பட்டு விலகும். பட்ட இடம் கருகும். போதாததற்குக் களனி கங்கை கடலில் விழும் உங்கள் ஊரின் உப்புக்காற்று வேறு! குவாட்ஸில் கருக ஒன்றுமில்லை. பளிங்குத் துண்டு செக்கனுக்கு 32,768 தரம் அதிரும், அவ்வளவுதான்.

ஆனால் அது கேட்பது 1.5 வோல்ட், கார் கொடுப்பது 12. அதைவிட வில்லங்கம், அந்தக் காலத்து ஒஸ்டினில் பொடியோடு சேர்வது பற்றரியின் பொசிட்டிவ் முனை. பாஸ் பழக்கதோஷத்தில் இன்றைய கார் மாதிரி வயர் கொடுத்தால் நேரத்துக்குப் பதில் புகைதான் தெரியும். வம்பே வேண்டாமென்றால் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பென்டோர்ச் பற்றரியை ஒளித்துவிடுங்கள். காரின் மின்சாரத்துக்கும் மணிக்கூட்டுக்கும் விவாகரத்து!

முகப்பையும் முட்களையும் மட்டும் மாற்றவிடாதீர்கள். முள்ளின் துளை பொருந்தாவிட்டால் சின்னப் பித்தளை புஷ் கடைந்து போடலாம். கழற்றிய மெஷினை எறியவும் வேண்டாம். ஒரிஜினல் பைத்தியம் பிடித்த யாராவது பஞ்சிகாவத்தை முழுக்க அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். விலையை நீங்களே சொல்லலாம்.