சோளகம் வாசித்த புத்தகங்கள்

சரவணையில் கோடை உண்டு. கோடை விடுமுறை என்று ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை. வைகாசியில் சோளகக் காற்று எழும்பினால் புரட்டாதி வரைக்கும் ஓயாது. பனையோலையெல்லாம் இரவு பகலாகச் சண்டை பிடிக்கும். கிணற்றுத் தண்ணீர் உவராகி, பவுசர் வரும் நாளைப் பார்த்துத்தான் உடுப்புத் தோய்ப்பது. இப்படியான ஊரில் இருந்துகொண்டு 'கோடை வாசிப்பு இலக்கு' வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

குற்றம் பேத்தியுடையது. ஸ்காபரோவில் இருக்கிறாள், வயது ஒன்பது. அங்கே யூலை, ஓகஸ்டில் பள்ளிக்கூடத்தைப் பூட்டினாலும் நூலகங்கள் பிள்ளைகளை விடுவதில்லை. வாசி, வந்து சொல்லு, ஒட்டுப்படம் வாங்கிக்கொண்டு போ என்று பிடித்து வைத்திருக்கின்றன. போன வருசம் வீடியோவில் வந்து, "அம்மப்பா, நான் இருவது புத்தகம். நீங்கள் எத்தினை?" என்றாள். நான் சும்மா "பன்னிரண்டு" என்றேன். முப்பது வருசம் கந்தோரில் கணக்கு எழுதிய வாய் அது. எண் கேட்டால் எண் சொல்லும்.

அன்றைக்கே வேலணைக்குச் சைக்கிள் மிதித்து ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். தொடர் இலக்கம், நூல், ஆசிரியர், தொடங்கிய திகதி, முடித்த திகதி, குறிப்பு. அடிமட்டம் வைத்து ஆறு நிரல் கோடு போட ஒரு பின்னேரம் முழுவதும் போனது. அந்தக் கோடையில் நான் மனமொன்றிச் செய்த வேலை அதுதான் என்று மனிசி இன்றைக்கும் சொல்லுவா.

முதலாவது, செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. நெடுந்தீவுக் கதை, 1978இல் படமாகவும் வந்தது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையைப் போட்டு, பக்கத்தில் தேத்தண்ணியும் பனங்கட்டியும் வைத்து, நாற்பதாம் பக்கம் வரை நல்லாய்த்தான் போனேன். சோளகத்துக்கு வாடைக்காற்றைப் பிடிக்கவில்லை போலும். ஒரே வீச்சில் நூற்றுப் பன்னிரண்டுக்குக் கொண்டுபோய் விட்டது. திரும்பி வந்தேன். மறுபடியும் தூக்கியது. என்னைவிட வேகமாக வாசிக்கிற ஒன்றோடு ஒரே புத்தகத்தைப் பங்குபோட்டு வாசிப்பது எவ்வளவு அவமானம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கி இடப்பக்கத்தில் வைத்தேன்.

"இஞ்சருங்கோ, சம்பல் அரைக்கக் குழவியைக் காணேல்லை."

"அது வாசிச்சுக்கொண்டிருக்குது. கொஞ்சம் பொறும்."

அன்று சம்பல் இல்லை.

இரண்டாவதுக்கு மணிமேகலையை எடுத்தேன். உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த காப்பியம், உரையோடு. உண்மையைச் சொன்னால் ஆசையால் எடுத்ததில்லை. பேத்திக்குப் படம் காட்டத்தான். அதோடு மணிபல்லவம் எங்கள் நயினாதீவுதான் என்று ஒரு கட்சி இருக்கிறது. மற்றத் தீவுக்காரர் இதற்கு மறுப்பு எழுதுவார்கள், எழுதட்டும். நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்குப் போகையில் குறிகட்டுவானில் படகு ஏறி, மணிபல்லவம் வரும் இடத்தை அந்தக் கடலிலேயே வாசிக்க வேண்டும் என்று திட்டம். மணிமேகலையைத் தெய்வம் நித்திரையோடு வான்வழியாகத் தூக்கிவந்து தீவில் இறக்கியது. எங்களுக்குக் குறிகட்டுவானில் ஒரு மணித்தியாலம் வெயிலில் வரிசை. படகில் கால் வைக்கவே இடமில்லை, இதில் புத்தகம் எங்கே விரிப்பது? உயிர்காப்பு அங்கிக்குள்ளே காப்பியத்தைச் செருகிக்கொண்டு போய், அப்படியே செருகிக்கொண்டு திரும்பினேன். கொப்பியில் 'நேரில் பார்வையிடப்பட்டது' என்று குறிப்பு எழுதினேன். கந்தோர்ப் பழக்கம்.

பள்ளிக்கூடக் காலத்தில் ஒருவரும் எங்களுக்கு இலக்கு வைக்கவில்லை. வாசிகசாலையில் ஈழநாடு பத்திரிகை வந்தவுடன் நாலாகப் பிரிந்து நாலு பேருடைய கைக்குப் போகும். முன்பக்கம் பெரியவர்களுக்கு, கடைசியில் வந்தவனுக்கு விளம்பரம். அங்கே இருந்த துப்பறியும் கதையொன்றில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை. ஐந்து பேர் வாசித்து ஐந்து கொலைகாரர்களைக் கண்டுபிடித்து, ஒரு மாரிகாலம் முழுவதும் அதற்காகச் சண்டை பிடித்தோம். கொலை செய்தவனே வந்து ஒப்புக்கொண்டிருந்தாலும் நாங்கள் விட்டிருக்கமாட்டோம்.

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் பஸ் ஏறிப் போவோம். தவணை தவறினால் அப்பா அடிப்பார். 1981இல் 97,000 புத்தகங்களோடு அது எரிந்தபோது தப்பியவை, இரவல் போய் வீடுகளில் கிடந்தவைதான். அதற்குப் பிறகு தவணை தவறியவர்களை ஏச எனக்கு மனம் வருவதில்லை. ஒருவனைத் தவிர. பிறகு அவன் கதைக்கு வருகிறேன்.

யூலை முடியக் கொப்பியில் ஏறியது மூன்று. மூன்றாவது குழந்தைப் பாட்டுப் புத்தகம், பதினாறு பக்கம். ஒன்பது பாக்கி. கணக்கு எழுதுகிறவனுக்குப் பாக்கி என்றால் நித்திரை வராது. பேத்தியோ பதினாலில் நிற்கிறாள். அப்போதுதான் அலுமாரியின் அடித்தட்டில் கல்வெட்டுகள் கண்ணில் பட்டன.

வெளியூர் வாசகர்கள் அசோகனின் கல்வெட்டை நினைக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்துக் கொடுக்கும் நினைவு மலருக்கும் அதுதான் பெயர். முன்னால் படம், பிறகு தேவாரம், சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். கந்தசட்டி கவசத்தோடு வைத்தியக் குறிப்பும் போட்டவர்கள் உண்டு. வீட்டில் வேறு புத்தகம் இல்லாவிட்டாலும் கல்வெட்டு இருக்கும். நூலகம் என்ற இணைய நூலகம் அவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறது, நல்ல காரியம். என்னிடம் நாற்பத்திரண்டு இருந்தன! இலக்கு அடித்தட்டிலேயே கிடந்திருக்கிறது.

ஒரு நாளைக்கு மூன்று முடித்தேன். சரவணையைப் பிறப்பிடமாகக் கொண்டவர்கள் எத்தனை நாட்டை வதிவிடமாகக் கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தால், பூமிசாத்திரம் தனியாகப் படிக்கத் தேவையில்லை. எல்லாரும் பரோபகாரிகள், ஒருவருக்கும் கோபம் வந்ததில்லை. வேலி எல்லைக்காக அப்பாவோடு இருபது வருசம் வழக்காடியவரும் அதில் 'அயலவரை அணைத்தவர்'.

பேத்தி விடவில்லை. "அம்மப்பா, ஆள் செத்ததுக்குக் குடுக்கிற புத்தகத்தைக் கணக்கில எடுக்கேலாது. உங்களுக்கு விருப்பமானதை வாசிக்க வேணும். அதுதான் ரூல்."

"இதுவும் விருப்பந்தான் பிள்ளை."

"பொய்!"

அதை மனிசியும் பின்னால் நின்று ஆமோதித்தா.

ஓகஸ்ட் கடைசியில் படலையில் ஒரு பெடியன். சூரிச்சிலிருந்து வந்தவன், தகப்பனுடைய ஆட்டைத்திவசத்துக்கு. முகத்தைப் பார்த்தவுடன் பிடிபட்டது: அந்த ஒருவனுடைய மகன். ஒரு கையில் கல்வெட்டு. மற்றக் கையில் உறையில்லாமல், முதுகில் துணி ஒட்டிய ஒரு புத்தகம்.

"மாமா, அப்பா இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர்."

'பொன்னியின் செல்வன்', முதற் பாகம். 1989 சித்திரையில் அவன் இரவல் கேட்டு வாங்கியது. அந்த வருசமே ஊரை விட்டுப் போனான். அடுத்த வருசம் போரில் நாங்கள் இடம்பெயர்ந்தோம். திரும்பி வந்தபோது வீட்டில் கூரையும் இல்லை, மற்ற நாலு பாகமும் இல்லை, ஒரு புத்தகமும் இல்லை. இருந்தது கறையான் புற்று. இவன் கள்ளன் என்று முப்பத்தைந்து வருசம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

உள்ளட்டையில் என் பெயர், இலக்கம் 17. அதன் கீழே என் கையெழுத்தில்: 'தவணை 14 நாள். பிந்தினால் நாளொன்றுக்கு 10 சதம் தண்டம்.' கை தானாகக் கொப்பியை எடுத்தது. ஏறக்குறைய 12,780 நாள், 1,278 ரூபா. கல்வெட்டைத் திறந்தேன். 'வாசிப்பில் தீராத ஆர்வமுடையவர்' என்று போட்டிருந்தது. புத்தகத்தைப் புரட்டினேன். முப்பத்தோராம் பக்கத்தில் மூலை மடிந்திருந்தது. அதற்கு அப்பால் ஒரு மடிப்பில்லை, ஒரு அழுக்கில்லை, தாள் ஒட்டிப்போய்க் கிடந்தது.

இரவு பேத்திக்குத் தண்டக் கணக்கைச் சொன்னேன்.

"ரொறன்ரோ லைப்ரரியில ஃபைன் எடுக்கிறேல்லை அம்மப்பா. 2022இல நிப்பாட்டியிட்டாங்கள்."

"அப்ப விடுறதோ?"

"விடுங்கோ. சரி, எத்தினை முடிஞ்சுது?"

"மூண்டு. ஒண்டு தொடங்கியிருக்கிறன்."

"எத்தினையாம் பக்கம்?"

"முப்பத்தொண்டு" என்றேன். கதிரையைத் திருப்பி, முதுகைச் சோளகத்துக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். குழவி குசினியில் இருந்தது.