நட்சத்திரம் பார்த்துச் சாப்பிடுவது எப்படி?

ஆரணி பக்கத்து நெசவு ஊரான முள்ளிப்பட்டுக்குப் பட்டுச் சேலை வாங்க வருகிற ஆள் சாமானியமாக ஏமாற மாட்டார். ஓர் இழையை உருவிக் கொளுத்துவார். முடி பொசுங்கிய வாடை வந்தால்தான் பேரமே. ஜரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்பு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார். சில்க் மார்க் அட்டையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். எல்லாம் முடிந்து பசி எடுத்ததும், முன்பின் தெரியாத யாரோ போட்ட 4.8 நட்சத்திரத்தை நம்பி ஆரணிக்குப் பிரியாணி சாப்பிடக் கிளம்பிவிடுவார். இந்த வழிகாட்டி அவருக்கானது.

முதலில் தொழில் நுணுக்கம் தெரிய வேண்டும். அதற்கு நீங்களே ஓர் உணவகம் தொடங்கிவிடுவது நல்லது. மாஸ்டர் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை 2017-இல் உணவகம் என்று டிரிப் அட்வைசர் விமர்சனத் தளத்தில் பதிந்தார். ஷேவிங் நுரையில் ‘பதார்த்தம்’ செய்து படம் போட்டார். நண்பர்கள் புகழ்ந்து எழுதினார்கள். சில மாதங்களில் லண்டனிலேயே முதலிடம்! அதுவரை அங்கே சாப்பிட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. பிறகு ஒரே ஓர் இரவு திறந்து, ரெடிமேட் சாப்பாட்டைச் சுடவைத்துப் போட்டார். வந்தவர்களில் சிலர் அடுத்த முறைக்கும் இடம் கேட்டார்களாம்.

அடுத்து, ஓய்வு நேரத்தில் நீங்களே விமர்சகர் ஆகலாம். டெலிகிராமில் அழைப்பு வரும்: ஹோட்டலுக்கு ஐந்து நட்சத்திரம் போடு, காசு வாங்கு. முதலில் நூறு இருநூறு நிஜமாகவே வரும். அப்புறம் பெரிய வேலை தர முன்பணம் கேட்பார்கள், கட்டியது கட்டியதுதான். இந்த மாதிரிப் பகுதிநேர வேலை மோசடிக்காக 100-க்கும் மேற்பட்ட இணையதளங்களை மத்திய உள்துறையின் பரிந்துரைப்படி மத்திய அரசு 2023 டிசம்பரில் முடக்கியது. பொய் சொன்னவனையே ஏமாற்றுகிற தொழில் வேறு எங்கே உண்டு?

யூடியூப் விமர்சனம் என்றால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். முதல் வாய்க்குக் கண்ணை மூடித் தலையாட்டுவார். இரண்டாவது வாய் எடுக்கிறாரா என்பதுதான் கேள்வி. வீடியோவை வெட்டுவது பெரும்பாலும் அங்கேதான். காசோ ஓசிச் சாப்பாடோ வாங்கியிருந்தால் பார்ப்பவர்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. இணைய விமர்சனங்களுக்கென்று 2022 நவம்பரில் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும் வந்தது. இஷ்டப்பட்ட நிறுவனம் பின்பற்றலாம் என்ற பெருந்தன்மையோடு.

எழுத்தில் வரும் விமர்சனத்தில் ‘வேற லெவல்’, ‘சூப்பர் ஆம்பியன்ஸ்’ எல்லாவற்றையும் தாண்டிப் போங்கள். ‘கத்திரிக்காய் தொக்கு இரண்டாம் தடவை கேட்டால் முறைக்கிறார்கள்’ என்று எவராவது எழுதியிருந்தால் அங்கே நில்லுங்கள். அந்தப் புண்ணியவான் நிஜமாகவே சாப்பிட்டிருக்கிறார்.

மெஸ் நடத்துபவரா நீங்கள்? எதிர்க்கடைக்காரர் ஆள் வைத்து ஒற்றை நட்சத்திரமாகக் குத்துகிறாரா? கலிபோர்னியாவில் போட்டோ பிஸ்ட்ரோ என்ற இத்தாலியக் கடை 2014-இல் ஒரு வழி கண்டுபிடித்தது: யெல்ப் விமர்சனத் தளத்தில் எங்களுக்கு ஒற்றை நட்சத்திரம் போடுங்கள், பீட்சாவில் 25 சதவீதம் தள்ளுபடி! ஊரிலேயே மட்டமான கடை என்று பெயர் எடுப்பதுதான் லட்சியம். நீங்கள் ஒரு திட்டுக்கு ஓர் ஆம்லெட் என்று பலகை வைக்கலாம். முட்டை விலையை மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊரில் திட்டுவதற்கு ஆள் பஞ்சம் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் கேலி இல்லை. 2021 செப்டம்பரில் ஆரணியில் ஓர் உணவகத்தில் அசைவம் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தே போனாள். எத்தனை நட்சத்திரம் இருந்தாலும் அது கல்லாவைத் தாண்டி அடுப்படிக்குள் போவதில்லை. பில்லில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருக்கிறதா என்று பாருங்கள். கறியில் கெட்ட வாடை அடித்தால் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டு ஓய்ந்துவிடாமல் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் அனுப்புங்கள்.

சேலை வாங்கிய நெசவாளர் வீட்டிலேயே விசாரிப்பதாக இருந்தால் கேட்கிற விதமாகக் கேட்க வேண்டும். ‘இங்கே எங்கண்ணா நல்லா இருக்கும்?’ என்றால், ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கும்’ என்று தறியிலிருந்து தலை நிமிராமலே சொல்லிவிடுவார். ‘உங்க பிள்ளைக்கு எங்கே பார்சல் வாங்குவீங்க?’ என்று கேளுங்கள்.