உபயம் அண்ணாச்சி

தென்மாவட்டத்துக் கடைத்தெரு எதுவானாலும் அங்கே ஓர் உபயம் அண்ணாச்சி இருப்பார். ஜவுளிக்கடையோ பாத்திரக்கடையோ வைத்திருப்பார். நெற்றி நிறைய விபூதி, சட்டைப்பையில் இரண்டு பேனா. ஒன்று கடைக் கணக்குக்கு, மற்றது நன்கொடை எழுத. இரண்டாவது பேனா எழுதும்போது நாலு பேர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

கோயில் கொடைக்கு வசூல் என்று பையன்கள் வந்தால் முகம் சுளிக்க மாட்டார். "வாங்க தம்பி, உக்காருங்க" என்று டீ சொல்லிவிட்டு, ரசீதுப் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்டுவார். எதிர்க்கடைக்காரர் 1001 எழுதியிருந்தால் இவர் 1101. அவர் இன்னும் எழுதவில்லையா? "முதல்ல அங்க போயிட்டு வாங்க. மூத்தவர முந்தக் கூடாது பாருங்க" என்பார். எதிர்க்கடைக்காரருக்கும் இதே அடக்கம் உண்டு என்பதால், பையன்கள் இரண்டு கடைக்கும் நடுவே செருப்புத் தேய நடப்பார்கள்.

அரசுப் பள்ளிக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் இவர்தான். ஓர் இறக்கையில் அப்பா பெயர், அடுத்ததில் அம்மா பெயர், மூன்றாவதில் கடைப் பெயரும் போன் நம்பரும். ஆண்டுவிழாவன்று தலைமையாசிரியர் சுவிட்சைப் போடப் போனால், "சார், கொஞ்சம் பொறுங்க. சுத்துனா பேரு தெரியாது. விருந்தாளிங்க படிச்சிரட்டும்" என்று தடுப்பார். சித்திரை வெயிலில் விருந்தாளிகள் வேர்வையைத் துடைத்துக்கொண்டே படித்து முடிப்பார்கள்.

கொடை நோட்டீஸில் சாமி புறப்படும் நேரம் தப்பாக அச்சாகியிருந்தால் அண்ணாச்சி பொறுத்துக்கொள்வார். இனிஷியல் தப்பினால் மட்டும் பொறுக்க மாட்டார். நோட்டீஸ் திரும்ப அச்சேறும். அந்தச் செலவு யாருடைய உபயம் என்று கேட்டால்தான் பேச்சை மாற்றுவார்.

ஆடிட்டரிடம் அவர் பேசுவது இன்னும் சுவையாக இருக்கும். "அண்ணாச்சி, 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா வரிச்சலுகை கிடையாது" என்றார் ஆடிட்டர். "அப்ப ரசீது ரெண்டாயிரத்துக்குப் போடச் சொல்லுங்க. மைக்குல மட்டும் பத்தாயிரம்னு சொல்லட்டும்." பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013ஆம் வருடத்துக் கம்பெனிச் சட்டம் சொல்வதை ஆடிட்டர் எடுத்துச் சொன்னபோதும் அண்ணாச்சி அசரவில்லை. "எத்தனை லாபம் வந்தா?" "வருசத்துக்கு அஞ்சு கோடி." "அதுக்குத்தான் நான் லாபமே காட்டுறதில்ல."

பேருந்து நிறுத்தத்தில் சிமெண்டுப் பெஞ்சு போட்டதும் இவர்தான். ஊரே உட்கார்கிறது. இவர் கடையில் சேலை எடுத்துப் போடும் பெண்கள் மட்டும் காலை முதல் இரவு வரை நிற்கிறார்கள். கடை ஊழியருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டம் திருத்திய பிறகு, அண்ணாச்சி நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார். ஒவ்வொன்றிலும் சிவப்பு பெயிண்டில் எழுதியும் வைத்தார்: 'உபயம்: நிர்வாகம்'.

அவருடைய தாத்தா காலத்து வணிகர்களிடம் மகமை என்றொரு வழக்கம் இருந்தது. விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று ஊர்ப் பொதுவுக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். லாபமா நட்டமா என்று அது பார்ப்பதில்லை. முதலாளி அன்றைக்கு என்ன மனநிலையில் இருக்கிறார் என்றும் கேட்பதில்லை. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை இந்த மகமையிலும், வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியிலும் வளர்ந்த பள்ளி. காமராஜர் படித்த பள்ளியும் அதுதான். அங்கே எந்தப் பெஞ்சு எந்த மிளகாய் மூட்டையால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மகமையில் ஆளுக்கு ஆள் போட்டி இல்லை, எதிர்க்கடையைப் பார்த்து எழுதுவதும் இல்லை. மைக் கிடைக்காவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுபோகும் என்ற பயமும் இல்லை.

அதற்காக அண்ணாச்சியை ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. பெயருக்காகப் போட்ட பெஞ்சும் கால்வலிக்கு உதவத்தான் செய்கிறது. பெயரை எழுதிக்கொள்ளட்டும், இரண்டு இனிஷியல் கூடவே போட்டுக்கொள்ளட்டும். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: அண்ணாச்சி, அடுத்த உபயத்துக்கு முன்னால் கடைப் பிள்ளைகளின் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். வேண்டுமானால் அதையும் மைக்கிலேயே அறிவியுங்கள். கைதட்ட நாங்கள் வருகிறோம்.