ஞாயிறு மதியத்துப் பயம்

கே: ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததுமே திங்கட்கிழமை பயம் பிடித்துக்கொள்கிறது. லீவை அனுபவிக்கவே முடியவில்லை. என்ன செய்வது?
– ஐ.டி. ஊழியர், துரைப்பாக்கம்

ப: பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே வருடக்கணக்கில் போராடி, 1890 ஜூனில் வாங்கித் தந்த கிழமை ஞாயிறு. அதில் பாதியை மேனேஜருக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்!

எங்கே தொடங்குவதென்று தெரியாதபோதுதான் பயம் பெருகும். வெள்ளி மாலை கிளம்புமுன், திங்கள் காலையின் முதல் வேலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மேஜையில் வைத்துவிடுங்கள். துணி துவைப்பதும் பைக் சர்வீஸும் சனிக்கிழமைக்கு. ஞாயிறு சாயங்காலம் அறையில் போனோடு கிடக்காமல், நண்பரை இழுத்துக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போங்கள். சூடான சுண்டல் வாயில் இருக்கும்போது டெட்லைன் உள்ளே நுழைய இடமிருக்காது.

இத்தனைக்கும் பிறகு மாதக்கணக்கில் தூக்கம் வரவில்லையென்றால், கோளாறு உங்களிடம் இல்லை, வேலையில். ரெஸ்யூமைத் தூசி தட்டுங்கள்.