ஸ்கேனர் பெரியப்பா

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கனவான்களில் பல ரகம் உண்டு. விடியற்காலையில் பூங்காவைச் சுற்றி வந்து, சர்க்கரை வியாதியின் தத்துவங்களை எதிர்ப்படுவோருக்கெல்லாம் உபதேசிப்பவர் ஒரு ரகம்; பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதியே தேசத்தைச் சீர்திருத்திவிட முனைபவர் இன்னொரு ரகம்; குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர் மோட்டாரை முன்னிட்டுக் கட்சி கட்டுபவர் மூன்றாவது ரகம். இந்த மூவரிலும் சேராமல், யாரோடும் சண்டைக்குப் போகாமல், யாருக்கும் உபதேசம் செய்ய அவகாசமுமில்லாமல், முன்னறையின் ஒரு மூலையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, தட்டையான பெட்டியொன்றின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாகக் காலக்ஷேபம் செய்கிற நான்காவது ரகத்தாரும் சில வருஷங்களாக நம்முடைய குடும்பங்களில் பெருகி வருகிறார்கள். இவர்களைக் குழந்தைகள் 'ஸ்கேனர் பெரியப்பா' என்று அழைக்கின்றன. சில வீடுகளில் அவர் மாமாவாகவும், சில வீடுகளில் சித்தப்பாவாகவும் இருக்கலாம். உறவுமுறை மாறுமே ஒழிய லக்ஷணங்கள் மாறுவதில்லை.

இந்த அவதாரம் பெரும்பாலும் போகிக்கு முந்தின வாரத்தில் நிகழும். பரணிலிருந்து இறங்கிய தகரப் பெட்டியைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடலாமென்று பெரியம்மா யோசனை சொல்வாள். "கொஞ்சம் இரு, உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துடறேன்" என்று அவர் திறப்பார். திறந்த மாத்திரத்தில் காடியின் புளித்த நெடி குப்பென்று கிளம்பும். "எந்த ஊறுகாய் ஜாடி உடைஞ்சு கிடக்கோ!" என்று அந்த அம்மாள் கவலைப்படுவாள். உடைந்தது ஜாடியல்ல. அஸிடேட் என்னும் வஸ்துவால் செய்த பழைய பிலிம், நம் ஊர் உஷ்ணத்திலும் ஈரத்திலும் வருஷக்கணக்காகக் கிடந்தால், தானே சிதைந்து, காடியில் உள்ள அதே அமிலத்தைக் கக்க ஆரம்பித்துவிடும். இந்த விஷயத்தை அன்று மாலைக்குள் எங்கேயோ படித்துத் தெரிந்துகொள்ளும் பெரியப்பா, குலத்தின் சரித்திரமே அமிலத்தில் கரைந்துகொண்டிருப்பதாகவும், அதைக் காப்பாற்றும் பொறுப்பு தம் தலையில் விழுந்திருப்பதாகவும் நிச்சயித்துக்கொண்டு, அடுத்த மாதப் பென்ஷனில் ஒரு ஸ்கேனருக்கு ஏற்பாடு செய்துவிடுவார்.

பெட்டிக்குள் இருப்பவையும் லேசுப்பட்ட பொக்கிஷங்களல்ல. கறுப்புக் காகித ஆல்பங்கள், அவற்றில் படத்துக்குப் படம் நடுவே பட்டர் பேப்பர். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக்-3 காமிராவில், சுருளுக்குப் பன்னிரண்டு என்று கணக்குப் பார்த்து எடுத்த சதுர நெகடிவ்கள். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' சுருளின் காலி டப்பாக்கள், அவற்றில் ஊக்கும் பித்தானும். கடைசியில், அமெரிக்காவில் மேல்படிப்புப் படித்து விடுமுறைக்கு வந்த தம்பி, குடும்பத்துக் கல்யாணமொன்றில் எடுத்த கோடக்குரோம் ஸ்லைடுகள். இந்தக் கோடக்குரோம் 1935-இல் பிறந்து, 2009-இல் தயாரிப்பு நின்றுபோன சரக்கு. இருட்டில் வைத்திருந்தால் அதன் வர்ணம் லேசில் மங்காது. அதே கல்யாணத்துக்கு உள்ளூர் ஸ்டூடியோக்காரர் எடுத்த கலர்ப் பிரிண்டுகளில் மாப்பிள்ளை முதல் நாதஸ்வரக்காரர் வரை சகலரும் செக்கச் செவேலென்று மாறிப்போயிருக்க, ஸ்லைடில் மட்டும் வாழையிலை இன்னும் பச்சையாகவே இருக்கும். ஐந்து சென்டிமீட்டர் சதுர அட்டைச் சட்டத்துக்குள் 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில் அடங்கிக் கிடக்கும் அந்தக் கல்யாணத்தை, புரொஜெக்டரின் பல்பு போன பிறகு ஒருவரும் பார்த்ததில்லை.

ஸ்கேனர் வந்திறங்கிய தினத்திலிருந்து பெரியப்பாவின் பேச்சில் டி.பி.ஐ. என்னும் மூன்றெழுத்து மந்திரம் குடிபுகுந்துவிடும். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்பதுதான் அதன் பொருள்; ஆனால் அவர் அதை உச்சரிக்கும் தோரணையில் ஏதோ மோக்ஷ சாதனம் போலவே தொனிக்கும். காகிதத்தில் அச்சான போட்டோவுக்கு 300 போதும், பெரிதாக்கிப் பார்க்கும் ஆசையிருந்தால் 600 தாராளம், ஸ்லைடு மிகச் சிறியதாகையால் அதற்கு 2400-க்குக் குறையாமல் வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் கண்ட நியாயம். பெரியப்பாவோ, பெட்டியின் மேல் 4800 என்று அச்சிட்டிருக்கையில் அதற்குக் குறைத்து வேலை வாங்குவது காசு கொடுத்த தமக்கே செய்துகொள்ளும் துரோகம் என்று கருதுபவர். பெட்டியின் மேல் உள்ள எண் வேறு, உள்ளேயிருக்கும் லென்ஸ் உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் வேறு என்று பேரன் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். 4800-இல் ஒரு ஸ்லைடு 3 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாக விரியும். அதையும் உச்சபட்ச வர்ண நுணுக்கத்தோடு டிஃப் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 185 மெகாபைட் இடம் பிடிக்கும். தலை வெட்டுப்பட்டு உடம்பு மட்டும் விழுந்திருக்கும் படத்துக்கும் இதே மரியாதைதான். ஹார்ட் டிஸ்க் நிரம்பும், இன்னொன்று வரும், அதுவும் நிரம்பும்.

உறவினர் கல்யாணமொன்றில் இவரைப் போன்ற இன்னொருவர் அகப்பட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். டிஃப் கோப்பில் ஓர் அணுவும் நஷ்டமாகாது என்பது இவர் சித்தாந்தம். ஜேபெக்கில் சேமித்தால் கண்ணுக்குத் தெரிகிற நஷ்டம் எதுவுமில்லை, இடமும் மிச்சம் என்பது அவர் சித்தாந்தம். வடகலை தென்கலை வழக்குக்குக் கிஞ்சித்தும் குறையாத உக்கிரத்தோடு முதல் பந்தியில் ஆரம்பிக்கும் வாதம், கடைசிப் பந்திக்காரர் மோர் சாதத்துக்கு வந்த பிறகும் தீராது.

பெரியப்பாவின் ஜன்மவைரி தூசி. கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள், ஸ்லைடைப் பெரிதாக்கிய திரையில் ஒரு கம்பளிப் பூச்சியாக ஊர்ந்து, சரியாக மணப்பெண்ணின் மூக்கின் மேல் வந்து நிற்கும். ஆகையால் சித்திரை மாதத்து நடுப்பகலில், "ஃபேனை யாரு போட்டா?" என்ற கர்ஜனை எழும். மின்விசிறி நின்று, ஜன்னல் சாத்தி, மேல்துண்டால் வியர்வையை ஒற்றிக்கொண்டு, அவர் ஸ்லைடை இரண்டு விரல்களால் அட்டையின் ஓரத்தை மட்டும் பிடித்து எடுப்பார். ரப்பர் ஊதியால் இந்தப் பக்கம் இரண்டு முறை, அந்தப் பக்கம் இரண்டு முறை ஊதுவார். மெல்லிய தூரிகையால் தடவுவார். விளக்குக்கு எதிரே தூக்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒற்றைக் கண்ணால் பரிசோதிப்பார். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணாடியின் மேல் வைப்பார். அந்தத் தருணம் பார்த்துப் பேரன் தும்முவான்.

தூசியை ஒழிக்க விஞ்ஞானமும் ஓர் உபாயம் செய்திருக்கிறது. சில ஸ்கேனர்கள் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சும். அந்த ஒளி கலர் பிலிமின் சாயத்தைக் கடந்து போய்விடும், தூசியில் மட்டும் தடைப்படும். தடைப்பட்ட இடத்தைக் கணக்குப் பார்த்து மென்பொருள் தானே அழித்துவிடும். கறுப்பு வெள்ளை நெகடிவில் உள்ளது சாயமல்ல, வெள்ளி. வெள்ளியோ அகச்சிவப்பு ஒளியை மறித்துவிடும். இந்த பேதம் அறியாமல் பெரியப்பா தம் பாட்டனாரின் சதாபிஷேக நெகடிவை அந்த வித்தைக்கு உட்படுத்த, யந்திரம் பாட்டனாரின் மீசை, புருவம், தலைப்பாகை எல்லாவற்றையும் தூசியென்றே தீர்மானித்துத் துடைக்கத் தலைப்பட்டுவிட்டது. அவ்வளவு பெரிய மிராசுதாரை அதற்கு முன் ஒருவரும் அப்படி அலட்சியம் செய்ததில்லை.

ஸ்லைடில் இன்னொரு கண்டமும் உண்டு. அதற்குப் பளபளப்பான முகம் ஒன்று, மங்கலான முகம் ஒன்று. மாற்றி வைத்தால் உலகம் இடம் வலம் புரண்டுவிடும். முதல் தவணையாகப் பெரியப்பா ஸ்கேன் செய்து குடும்பத்தாருக்குக் காட்டிய கல்யாணப் படங்களில், பந்தியில் அமர்ந்த சம்பந்திகள் அத்தனை பேரும் இடது கையால் பாயசம் சாப்பிட்டார்கள். மணவறையில் மாப்பிள்ளை, சிராத்தத்துக்கு உட்கார்ந்தவர்போல் பூணூலை இடம் போட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம் ஒருவரும் கவனிக்கவில்லை. பார்வை பாதி போன தொண்ணூற்றிரண்டு வயது அத்தைதான் திரைக்கு அருகில் முகத்தை வைத்துப் பார்த்து, "ஏண்டா, இவ மடிசார்த் தலைப்பு இடது தோள்லன்னா இருக்கு! ஐயங்காராத்துக் கட்டுன்னா இது! நம்மாத்துல யாருடா அந்தச் சம்பந்தம் பண்ணினது, எனக்குத் தெரியாம?" என்று கேட்டாள். ஒரு ஸ்லைடைத் திருப்பி வைத்ததில் குடும்பத்தின் மதமே மாறிப்போன விபரீதம் அப்போதுதான் வெளியாயிற்று.

இந்த அத்தைதான் விஷயத்தின் உயிர்நிலை. பெரியப்பா திரையில் 4800 டி.பி.ஐ.யின் மகிமையைக் காட்டப் புடவை ஜரிகையைப் பெரிதாக்கிக்கொண்டே போவார். அத்தை ஜரிகையைப் பார்க்க மாட்டாள்.

"அந்தக் கோடியில நிக்கறாளே, தெரியலையா உனக்கு? கும்பகோணத்துச் சித்தியோட ஓரகத்தி. காதுல இருக்கே தோடு, அது எங்கம்மாவோடது. ஒரு சீமந்தத்துக்குன்னு இரவல் வாங்கிண்டு போனா. திரும்பி வந்தப்போ ஒரு கல்லு மாறியிருந்தது. அதுக்கப்புறம் எங்கம்மா அவாத்துப் படியேறலை."

"அத்தை, கொஞ்சம் நகந்துக்கோ. திரையில நிழல் விழறது."

அத்தை நகர்ந்துகொள்வாள். தோடும், கல்லும், ஓரகத்தியும், படியேறாத வைராக்கியமும் அவளோடு நகர்ந்துவிடும். பெரியப்பாவின் கம்ப்யூட்டரில் அந்தப் படம் ஸ்கேனர் தானாகக் கொடுத்த ஐ.எம்.ஜி. 0047 என்ற நாமதேயத்தோடு, 'புதிது', 'புதிது இறுதி', 'புதிது இறுதி 2' என்னும் மூன்று கோப்புறைகளிலும் வாசம் செய்யும். தேதியும் ஸ்கேன் செய்த தினத்தின் தேதியே. ஆகவே கொள்ளுப்பாட்டியின் சீமந்தம் பேரனுடைய செல்போனில் இந்த வருஷத்துத் தீபாவளிப் படங்களுக்கு நடுவே வந்து உட்காரும்.

இவ்வளவு தபஸும் கடைசியில் சேருமிடம் குடும்பத்தின் வாட்ஸ்அப் குழு. அது படத்தைத் தன் வசதிக்குச் சுருக்கியே அனுப்புமாகையால், மூன்று கோடிப் புள்ளிகளில் மிகப் பெரும் பகுதி வழியிலேயே உதிர்ந்துவிடும். விடியற்காலை ஐந்து மணிக்குக் கறுப்பு வெள்ளைப் படமொன்று விளக்கமில்லாமல் வந்து நிற்பதைப் பார்த்த தூரத்து உறவினர்கள், அரைத் தூக்கத்தில் 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டுவிடுவார்கள். ஒருவர் போட்டதைப் பார்த்துப் பத்துப் பேர் போடுவார்கள். படத்தில் இருக்கும் சித்தப்பா பெங்களூரிலிருந்து, "நான் சௌக்கியமாகவே இருக்கிறேன்" என்று பதில் எழுதும்போது மணி எட்டாகிவிடும்.

பரிகாசம் போதும். உள்ளதைச் சொன்னால், இந்த மனிதர் இல்லாவிட்டால் அந்தத் தகரப் பெட்டி போகிக்கு மறுநாளே பேப்பர்காரன் தராசில் ஏறியிருக்கும். கரையானுக்கும் பூஞ்சைக்கும் காடி நெடிக்கும் தப்பி, மூன்று தலைமுறை முகங்கள் இன்று பத்து வீடுகளில் பிழைத்திருப்பது அவருடைய பிடிவாதத்தினால்தான். குடும்பத்தார் இந்த நன்றியை மறப்பது தர்மமாகாது. அவரிடம் நாம் காணும் குறை ஒன்றே ஒன்று. முகத்தை மட்டும் காப்பாற்றிவிட்டுப் பெயரை விட்டுவிடுகிறார். 4800 டி.பி.ஐ.யில் ஏறிய அனாமதேய முகத்தைவிட, 300 டி.பி.ஐ.யில் ஏறி, 'இன்னார் மனைவி, இன்ன ஊர், இன்ன வருஷம்' என்ற ஒரு வரியைத் தாங்கிய முகம் ஆயிரம் மடங்கு மேலானது. புள்ளிகளை அடுத்த வருஷமும் எண்ணிக்கொள்ளலாம். ஓரகத்தியை அடையாளம் சொல்லக் கூடியவர்கள் எல்லாக் குடும்பங்களிலும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகையால் உங்கள் வீட்டிலும் ஒரு ஸ்கேனர் பெரியப்பா இருந்தால், அவருக்கு இரண்டொரு உபகாரம் செய்யுங்கள். படத்தின் பின்புறத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பதையும் ஸ்டூடியோ முத்திரையையும் ஒரு தடவை ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். புதிதாக எழுதுவதானால் பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கத்தில் தெரியும். மிருதுவான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதினால் போதும், ஸ்லைடுக்கு அதன் அட்டைச் சட்டமே இடம் கொடுக்கும். ஸ்கேன் ஆகிவிட்டதென்று மூலப் படத்தைத் தூக்கிப் போட விடாதீர்கள். எத்தனையோ ஹார்ட் டிஸ்குகளுக்குப் பிறகும் நெகடிவ் நிலைத்திருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டிலேயே மூத்தவரிடம் போய் உட்காருங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தால் போதும். ஸ்கேனரை எடுத்துப் போக வேண்டாம்.